இருபத்தேழாம் குறிப்பு

ஆண்டறிக்கையின் முதல் ஐம்பது பக்கம் வழவழப்பான தாள்.
அதில் பள்ளிப் பிள்ளைகள் மரக்கன்றோடு சிரிக்கிறார்கள்.
ஒவ்வொரு கன்றிலும் கம்பெனியின் பெயர்பொறித்த அட்டை.
இலையைவிட அட்டை பெரிது.

அதன்பின் தாள் மெலிந்து
எழுத்துச் சிறுத்து
சிரிப்புத் தீர்ந்த இடத்தில் இருபத்தேழாம் குறிப்பு:
சுரங்கம் மூடியபின் நிலத்தையும் நீரையும்
சீர்செய்ய ஆகும் செலவு.

எழுதுகிறவள் முவென்யா கசூபா,
கிட்வே நகரில், நான்காம் மாடியில்,
மின்சாரம் போய்ப்போய் வரும் ஒரு வியாழக்கிழமை.

சூத்திரம் எளிது.
முப்பதாண்டு கழித்து வரும்
நூறு குவாச்சா நோவு
பதினாலு சதவீதக் கழிவில்
இன்றைக்கு இரண்டே குவாச்சா.
இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.
கணக்குச் சரி.
சரியாக இருந்ததுதான் தொண்டையில் நின்றது.

முப்பதாண்டு கழித்து அவள் மகனுக்கு முப்பத்தாறு வயது.
அவனையும் அந்தக் கட்டத்தில் வைத்து இழுத்தால்
கடைசித் தசமத்தில்
ஒரு சுண்டுவிரல் மிஞ்சும்.

போன மாதம் அளவெடுக்கப் போயிருந்தார்கள்.
நிதி மேலாளர் சிமுகொண்டா புது பூட்ஸ் போட்டிருந்தார்.
ஓடைக்கு வரைபடத்தில் பெயரில்லை;
'வெளியேற்றப் புள்ளி நான்கு' என்றிருந்தது.
பாசியில்லாக் கற்களில் செம்பு பூத்திருந்தது.
பசுமைக் கணக்கு எழுத வந்தவர்களுக்கு
அந்த ஒரு பச்சைதான் கண்ணில் பட்டது.

குழாய்முனையில் மீட்டர் இருந்தது. நல்ல மீட்டர்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போடுகிறார்கள்,
நாளொன்றுக்கு நாலாயிரத்து இருநூறு கனமீட்டர்,
மூன்று பேர் கையெழுத்தோடு.

கரையில் பானா கொம்பே
கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.
ஓடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.
மீன் இப்போது பங்வெவுலு ஏரியிலிருந்து
பேருந்துக் கூரையில் வருகிறது.

சிமுகொண்டா இழப்பீட்டுப் படிவத்தை விரித்தார்:
முன்பு மாதம் எத்தனை கிலோ?
என்ன விலை?
ரசீது உண்டா?

'ஆறு எனக்கு ரசீது தந்ததில்லை' என்றாள்.
பிறகு படிவத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து,
திருப்பிப் பிடித்து,
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
'விற்ற மீனுக்கு இந்தக் கட்டம், சரி.
விற்காமல் தின்ற மீனுக்கு எது?'

யாரும் பேசவில்லை.
மீட்டர் மட்டும் டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருந்தது.

நான்காம் மாடியில் இப்போது
முவென்யா பதினாலை அழித்துச்
சும்மா ஒரு பூஜ்யம் போட்டுப் பார்க்கிறாள்.
நூறு நூறாகவே நிற்கிறது.
பெருந்தொகைக்குக் கட்டம் போதாமல்
எண் மறைந்து
வரிசையாய் வேலிக்கம்பி முளைக்கிறது திரையில்.
வேலியைப் பிடித்து வலப்பக்கம் இழுக்கிறாள்.
எண் வெளியே வருகிறது.
லாபம் என்ற பத்தி
நகர்ந்து நகர்ந்து
திரையின் விளிம்பில் விழுந்து போகிறது.

'விளையாட்டுப் போதும்,' சிமுகொண்டாவின் குரல்,
கெட்டவர் இல்லை, மூன்று பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறவர்,
'தணிக்கைக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.'

பதினாலு திரும்பி வந்தது.
நோவு இரண்டு குவாச்சாவாய்ச் சுருங்கிப் படுத்தது.

ஆனால் அச்சில் வந்த அறிக்கையைப் பாருங்கள்.
நூற்றுப்பதினோராம் பக்கம்,
குறிப்பின் அடியில், குறிப்புக்கும் சிறிய எழுத்தில்,
தணிக்கையாளர் பொய்யென்று அடிக்க முடியாத ஒரு வரி:

*விற்காமல் உண்ட மீன் இதில் சேரவில்லை.*